வளர்ந்துவிட்ட சிறுமி

முதல் பாகத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போன குழந்தை அடுத்த பாகத்தில் தானே முடிவெடுக்கிறாள். வீடியோ கேம் ஆடுபவர்கள் கலங்கிப்போகிறார்கள். திருப்பதியின் கங்கம்மா ஜாத்திரையையும் சித்தூர் பக்கத்துப் பாரதக் கூத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கலக்கம் பழக்கமானது.

மே மாதத்துத் திருப்பதி. மலைமேல் ஏழுமலையானைப் பார்க்க வரிசை நீண்டுகொண்டிருக்கிறது. கீழே, ஊருக்குள் வேறொரு கூட்டம். தாத்தய்யகுண்ட கங்கம்மா கோயிலை நோக்கிப் போகும் தெருக்களில் மீசை வைத்த ஆண்கள் சேலை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, பூ முடித்து நடக்கிறார்கள். மனைவியிடமோ அக்காவிடமோ இரவல் வாங்கிய வளையல்கள் கையில் குலுங்குகின்றன. பையன்கள் உடம்பு முழுக்கக் குங்குமமோ கரியோ பூசிக்கொண்டு வருகிறார்கள். கைக்குழந்தையைக்கூட விடுவதில்லை. ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, பொட்டு வைத்துத் தூக்கி வருகிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது கேலிக்கூத்தாகத் தெரியலாம். 2024 டிசம்பரில் வெளியான ‘புஷ்பா 2’ படத்தில் அல்லு அர்ஜுன் சேலை கட்டி, உடம்பில் நீலம் பூசி ஆடிய பிறகு இந்த ஜாத்திரையின் பெயர் இந்தியா முழுக்கப் பரவியது. திருப்பதிக்காரர்களுக்கோ அது வேண்டுதல். ஊரின் கதையை வருடத்துக்கு ஒருமுறை தங்கள் உடம்பிலேயே நடத்திப் பார்க்கும் வழி.

அந்தக் கதை ஒரு சிறுமியைப் பற்றியது. பக்கத்திலிருக்கும் அவிலாலா கிராமத்தில் வளர்ப்பு மகளாக வளர்ந்தவள் கங்கம்மா. இன்றும் ஜாத்திரை தொடங்க வேண்டுமென்றால் அவிலாலாவிலிருந்து பிறந்த வீட்டுச் சீர் வரவேண்டும். அந்த வட்டாரத்தை ஆண்ட பாளையக்காரன் பெண்களைச் சீரழித்து வந்தான். வளர்ந்து நின்ற கங்கம்மா மீதும் அவன் கண் பட்டது. அவள் தன் உண்மை உருவைக் காட்டினாள். மிரண்டு ஓடி ஒளிந்தான். அவள் விடவில்லை. பைராகி, தோட்டி என்று நாளுக்கொரு வேடம் போட்டுத் தெருத்தெருவாகத் தேடினாள். கடைசியில் ‘தொர’ வேடம், அதாவது துரை வேடம் போட்டு வந்தபோது, வந்திருப்பது பெரிய பிரபு என்று நம்பி அவன் வெளியே வந்தான். தலை உருண்டது.

சீர் வாங்கும் வீட்டுப் பெண்ணாகத் தொடங்கியவள் சில நாட்களுக்குள் தலை கொய்பவளாகிறாள். ஊர் அவளைத் தள்ளி நின்று கும்பிடுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அவள் போட்ட வேடத்தையெல்லாம் தானும் போட்டுக்கொண்டு அவளோடு நடக்கிறது. இந்த ஜாத்திரையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2013இல் புத்தகம் எழுதிய அமெரிக்கப் பேராசிரியை ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், அந்த நாட்களில் உலகமே பெண்ணாக மாறுகிறது என்ற கருத்தையே நூலின் தலைப்பாக்கினார்.

பரிதாபப்படுவது ஒன்று, அவளாகவே ஆகிப் பார்ப்பது இன்னொன்று. இந்த வித்தியாசத்தைக் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் மிகத் தீவிரமாகக் கையாண்டிருப்பவை வீடியோ கேம்கள். அங்கேயும் மையத்தில் ஒரு சிறுமிதான் நிற்கிறாள்.

வயதாகாத ஹீரோக்கள்

டி.வி. பெட்டியில் கேசட்டைச் செருகி ‘சூப்பர் மாரியோ’வும் ‘கான்ட்ரா’வும் ஆடிய தலைமுறைக்கு வீடியோ கேம் ஹீரோ என்றால் வயதே ஆகாதவன். 1985இல் ஓடத் தொடங்கிய மாரியோ இன்றும் அதே தொப்பி, அதே மீசையோடு ஓடுகிறார். செத்தால் இன்னொரு உயிர் கையிருப்பில் இருக்கும். அவருக்காக யாரும் அழுததில்லை.

சினிமாவில் குழந்தை வளர்வதற்கு ஒரு சைக்கிள் சக்கரம் போதும். சக்கரம் சுற்றி முடிவதற்குள் சிறுவன் கதாநாயகனாகிவிடுவான். இடையில் போன வருடங்களைப் பற்றி ரசிகர் கவலைப்படுவதில்லை. வீடியோ கேமில் அந்த வருடங்கள் ஆடுபவரின் சொந்த வருடங்களாகவும் இருக்கின்றன. முதல் பாகம் வந்தபோது கல்லூரியில் இருந்தவர் கடைசிப் பாகம் வரும்போது கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பார். இதற்குச் சரியான உதாரணம் கிளமென்டைன்.

2012இல் அமெரிக்காவின் டெல்டேல் நிறுவனம் ‘தி வாக்கிங் டெட்’ என்ற விளையாட்டை ஐந்து அத்தியாயங்களாக வெளியிட்டது. பிணங்கள் எழுந்து நடமாடும் நாசமான உலகம். ஆடுபவர் ஏற்கும் பாத்திரம் லீ எவரெட், சிறைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கொலைக் குற்றவாளி. வழியில் ஒரு வீட்டு மரக்குடிலில், அப்பா அம்மா ஊரில் இல்லாமல் தனியாக ஒளிந்திருக்கும் எட்டு வயதுச் சிறுமியைச் சந்திக்கிறான். அவள்தான் கிளமென்டைன். அந்த நிமிடத்திலிருந்து ஆட்டத்தின் நோக்கமே மாறிவிடுகிறது. எத்தனை பிணத்தைச் சுட்டோம் என்ற கணக்கு போய், அந்தக் குழந்தை முன்னால் எப்படி நடந்துகொண்டோம் என்ற கணக்கு வருகிறது.

இந்த விளையாட்டில் அதிகம் சுடவேண்டியதில்லை, பேசத்தான் வேண்டும். யாராவது கேள்வி கேட்டால் திரையில் நான்கு பதில்கள் வரும். சில விநாடிகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேசாமல் இருப்பதும் ஒரு பதில். குழந்தையிடம் உண்மையைச் சொல்வதா, சமாளிப்பதா? திருடலாமா? பதில் சொன்னதும் திரையின் மூலையில் ஒரு வரி தோன்றும்: கிளமென்டைன் இதை நினைவில் வைத்திருப்பாள். உலகெங்கும் ஆடியவர்களுக்கு வயிற்றைக் கலக்கிய வரி அதுதான். குழந்தை வளர்த்தவர்களுக்கு அது என்றோ தெரிந்த விஷயம்.

லீ அவளுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். பிணங்களின் கையில் சிக்காதபடி அவள் கூந்தலைக் குட்டையாக வெட்டிவிடுகிறான். கடைசியில் அவனையே பிணம் கடித்துவிடுகிறது. அவனைச் சுடுவதா, அப்படியே விட்டுப் போவதா என்ற முடிவு அந்தக் குழந்தையின் தலையில் விழுகிறது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதை இது தட்டிச் சென்றது. கிளமென்டைனுக்குக் குரல் கொடுத்த மெலிசா ஹட்சிசனுக்கும் விருது கிடைத்தது.

கைப்பிடி மாறுகிறது

2013 டிசம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கியபோதுதான் உண்மையான அதிர்ச்சி. லீ இல்லை. ஆடுபவர் இப்போது கிளமென்டைன். வயது 11. நேற்றுவரை மேலிருந்து குனிந்து பார்த்த முகத்தின் உள்ளிருந்து உலகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் எல்லோரும் உயரமாகத் தெரிகிறார்கள். யாரும் நம்புவதில்லை. நாய் கடித்த காயத்தைப் பிணம் கடித்ததென்று சந்தேகித்து அவளை ஒரு கொட்டகையில் பூட்டிவிடுகிறார்கள். ஊசியும் நூலும் தேடி எடுத்து அவளே தன் கையைத் தைத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு தையலுக்கும் பொத்தானை அழுத்த வேண்டியவர் ஆடுபவர். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு.

முதல் பாகத்தில் அவள் வலிக்கு ஆடுபவர் மருந்து தேடினார். இரண்டாம் பாகத்தில் அவள் வலியை அவரே நடத்த வேண்டியிருக்கிறது. சினிமாவாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். இங்கே கண்ணை மூடினால் கதை நகராது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். 2016இல் தொடங்கிய மூன்றாம் பாகத்தில் ஆடுபவர் வேறொருவர் பாத்திரத்தை ஏற்கிறார். கிளமென்டைன் வெளியிலிருந்து, ஒரு முரட்டுப் பெண்ணாக அறிமுகமாகிறாள். பழைய ரசிகர்கள் பலருக்கு ஆத்திரம் வந்தது. தங்கள் குழந்தையை யாரோ பறித்துவிட்டது போல. வெளியூர் விடுதியில் படிக்கும் மகள் முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது பெற்றோருக்கு வரும் திகைப்பு அதில் இருந்தது.

கடைசிப் பாகம் 2018இல் தொடங்கியது. கிளமென்டைனுக்கு 16 வயது தாண்டிவிட்டது. இப்போது அவள் கையைப் பிடித்திருப்பவன் ஏ.ஜே. என்ற சின்னப் பையன். லீ தனக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவனுக்குச் சொல்லித்தருகிறாள். பாகம் பாதியில் இருக்கும்போது, 2018 செப்டம்பரில், டெல்டேல் நிறுவனமே இழுத்து மூடப்பட்டது. ஊழியர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். ‘வாக்கிங் டெட்’ காமிக்ஸை உருவாக்கிய ராபர்ட் கிர்க்மனின் ஸ்கைபவுண்ட் நிறுவனம், பழைய ஊழியர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு 2019 மார்ச்சில் கதையை முடித்து வைத்தது. ஏழு வருடம் கூடவே வளர்த்த குழந்தையை நடுத்தெருவில் விடக்கூடாது என்ற ரசிகர்களின் தவிப்பும் அதற்குப் பின்னால் இருந்தது.

பிடிக்காத முகம்

குழந்தை வளர்ந்து நல்லவளாக நின்றால் சந்தோஷப்படலாம். வளர்ந்து நமக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்தால்? 2013இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டில் எல்லி 14 வயதுப் பெண். அவளைப் பாதுகாத்துக் கூட்டிப்போகும் ஜோயல்தான் பெரும்பகுதியும் ஆடுபவரின் பாத்திரம். இரண்டாம் பாகம் 2020 ஜூனில் வந்தது. எல்லிக்கு 19 வயது. ஜோயல் கொல்லப்படுகிறான். பழிவாங்கப் புறப்படுகிறாள் எல்லி. வழி நெடுக ரத்தம். எதிரே நிற்பவர்களுக்கும் பெயர் இருக்கிறது, செத்து விழுந்தால் பெயர் சொல்லிக் கதறும் நண்பர்கள் இருக்கிறார்கள். கொல்லும் பொத்தானை அழுத்துபவர் ஆடுபவர். வேண்டாம் என்று தோன்றும் இடத்திலும் கதை அவரை நிற்க விடுவதில்லை.

பாதிக் கதையில் இன்னொரு திருப்பம். ஆடுபவரின் கையில் எல்லியைப் பிடுங்கிக்கொண்டு, எல்லி கொல்லத் துடிக்கும் ஆபியைக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று நாட்கள் நடந்ததை ஆபியின் பக்கத்திலிருந்து திரும்ப ஆடவேண்டும். அவளுக்கும் ஓர் அப்பா இருந்தார், அவரைக் கொன்றவன் ஜோயல் என்று தெரியவருகிறது. முதல் மூன்று நாட்களில் 40 லட்சம் பிரதிகள் விற்ற இந்த விளையாட்டு, அதே வேகத்தில் வசையும் வாங்கியது. ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. கற்பனைப் பாத்திரம் செய்ததற்கு உயிருள்ள பெண்ணைப் பழிவாங்கத் துடித்தவர்கள், விளையாட்டு எதைச் சொல்ல வந்ததோ அதற்கே சாட்சியானார்கள்.

எல்லி கடைசியில் ஆபியைக் கொல்லாமல் விட்டுவிடுகிறாள். ஆனால் அந்தச் சண்டையில் இரண்டு விரல்களை இழந்திருக்கிறாள். வீடு திரும்பினால் யாரும் இல்லை. ஜோயல் சொல்லிக்கொடுத்த கிதாரை எடுத்து வாசிக்கப் பார்க்கிறாள். விரல் இல்லாத இடத்தில் சுருதி சேரவில்லை. அங்கே தாங்கமுடியாமல் கலங்கியவர்களில் பலர், முதல் பாகத்தில் அவளைக் காப்பாற்றியவர்கள்.

சக்கரவியூகத்துக்குள் போகும் பையன்

திருப்பதியிலிருந்து 70 கிலோமீட்டரில் இருக்கிறது சித்தூர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இரண்டுக்கும் ஒரே மாவட்டம். இந்தப் பக்கம் வேலூர், அந்தப் பக்கம் திருத்தணி. 1960இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்க்கப்பட்ட பிறகும், எல்லைக் கிராமங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில்தான் உட்காருகின்றன. திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில்களில் கோடைத் திருவிழா வந்தால் பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. இரண்டு மொழியிலும் நடக்கும்.

அந்தக் கூத்தில் அபிமன்யு வரும் இரவு தனி. அவனைக் கூட்டத்துக்கு ஏற்கனவே தெரியும். தாய் வயிற்றில் இருக்கும்போதே சக்கரவியூகத்துக்குள் நுழையும் வழியைக் கேட்டவன், வெளியேறும் வழியைக் கேட்காமல் விட்டவன். கல்யாணக் கதையில் விளையாட்டுப் பிள்ளையாகப் பார்த்து ரசித்த அதே பையன் பதின்மூன்றாம் நாள் போருக்குக் கிரீடம் கட்டி வருகிறான். வயது 16. அவன் திரும்பமாட்டான் என்று முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அழுகிறார்கள்.

கூத்துக்கும் விளையாட்டுக்கும் ஓர் இடத்தில் பாதை பிரிகிறது. கூத்தில் வியூகத்துக்குள் நுழைபவர் வேடம் கட்டியவர் மட்டும். பார்ப்பவர்கள் வெளியே இருந்து கலங்கலாம். வீடியோ கேமில் பார்ப்பவரே உள்ளே போகவேண்டும். அர்ஜுனனாக இருந்து ஒரு பாகம் முழுக்க வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்த பாகத்தில் அபிமன்யுவாக வியூகத்தில் நிற்பது போல. முன்பு கற்றுக்கொடுக்க மறந்தது என்ன என்று அப்போது உறைக்கிறது.

புனேயிலிருந்து ஒரு ராஜி

இந்தியாவிலும் அப்படியொரு சிறுமி உருவாகியிருக்கிறாள். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ விளையாட்டின் நாயகி ராஜி, வித்தை காட்டிப் பிழைக்கும் பெண். ரக்ஷா பந்தன் அன்று அசுரர்கள் அவள் தம்பி கோலுவைத் தூக்கிப்போகிறார்கள். தேடிப் புறப்படுபவளுக்குத் துர்க்கை திரிசூலம் தருகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பார்த்து, இந்தக் குழந்தை தாங்குவாளா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டே கதையை நடத்துகிறார்கள்.

2017இல் பொதுமக்களிடம் இணையம் மூலம் நிதி திரட்டும் முயற்சி தோற்றது. நிறுவனர்களில் ஒருவர் தன் வீட்டை விற்றுப் பணம் போட்டார். பலன் கிடைத்தது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது பெற்ற அதே 2020 கேம் அவார்ட்ஸ் விழாவில், சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பட்டியலில் ராஜியும் இடம்பெற்றாள். ‘ராஜி: கலியுகா’ என்ற தொடர்ச்சியும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வித்தைக்காரப் பெண்ணாக ராஜியை நேசித்தவர்கள் அவளை இனி எந்த முகத்தோடு சந்திக்கப்போகிறார்கள் என்பது ஆடும்போது தெரியும்.

நம் நாட்டில் வீடியோ கேம் என்றாலே பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை. பணம் கட்டி ஆடும் சூதாட்டங்களுக்கு 2025இல் நாடாளுமன்றம் போட்ட தடைச் சட்டம். அளவு மீறி ஆடுவதை நோய்ப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருப்பது. பெற்றோரின் பயத்துக்குக் காரணம் உண்டு. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நாயகி குழந்தை என்பதால் விளையாட்டும் குழந்தைகளுக்கானது என்று நினைத்துவிடக்கூடாது. கிளமென்டைன் கதையும் எல்லி கதையும் ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று முத்திரை பெற்றவை. இவற்றை உண்மையில் ஆடிப் பார்க்க வேண்டியவர்கள் அந்த முத்திரையைத் தாண்டிய அப்பா அம்மாக்கள்தான்.

ஏனென்றால் இவை கேட்கும் கேள்வி அவர்களுடையது. எட்டு வயதில் என்ன சொன்னாலும் நம்பிய பிள்ளை, பதினாறு வயதில் கதவைச் சாத்திக்கொள்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, யாரோடு சிநேகம் என்பதில் சொந்தமாக ஒரு முடிவு வைத்திருக்கிறது. அந்த முடிவு பிடிக்காமல் போகும்போது பெற்றோர் தேடுவது பழைய எட்டு வயதுக் குழந்தையை. அவள் கிடைக்கமாட்டாள். அவள் இடத்தில் நின்று, அவள் உயரத்திலிருந்து, அவளைச் சுற்றி நிற்கும் பெரியவர்களை ஒருமுறை பார்க்கத்தான் முடியும். அப்படிப் பார்த்தால் அந்தப் பெரியவர்களில் ஒருவர் தாமே என்பதும் தெரியவரும்.

கங்கம்மா கதை தலை உருண்டதோடு முடிவதில்லை. துரை வேடத்துக்கு மறுநாள் வருவது மாதங்கி வேடம். பாளையக்காரனைக் கொன்றவள் அன்று அவன் மனைவியிடம் ஆறுதல் சொல்லப் போகிறாள் என்பது ஊர் வழக்கு. எதிரியின் வீட்டு வாசலிலும் போய் நிற்கவேண்டும் என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆபியைக் கையில் கொடுத்து அவள் பக்கத்தைப் பார்க்கச் சொன்னவர்களுக்கும் அதுதான் தோன்றியது.

கடைசி இரவு கோயில் முன்னால் களிமண்ணில் பிரம்மாண்டமாக அம்மன் உருவம் எழுகிறது. விடியும் முன் அது கலைக்கப்பட்டு, அந்த மண் பிரசாதமாக வீடு வீடாகப் போகிறது. காலையில் ஆண்கள் சேலையை அவிழ்த்து மடிக்கிறார்கள். இரவல் வாங்கிய வளையல்களைக் கழற்றி உரியவளிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். மணிக்கட்டில் வளையல் அழுத்திய தடம் மறைய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.